வீட்டுக்குள் வைஃபை: பெட்டி வாங்கப் போகுமுன்

பிழைப்புக்காக மும்பை வந்து சேர்ந்த நம் தலைமுறையினருக்கு ஊரோடு இருந்த உறவெல்லாம் இன்லண்டு லெட்டரும், ஆத்திர அவசரத்துக்குத் தந்தியும்தான். பிறகு எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. இரவுச் சலுகைக் கட்டணத்துக்காக வரிசையில் நின்று, ஓடுகிற மீட்டரைப் பார்த்துக்கொண்டே "எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு ஃபோனை வைத்தவர்கள் நாம். இன்று அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அக்காவின் முகத்தைத் தாணேயில் இருந்தபடி பார்த்துப் பேச முடிகிறது. கண்ணாடி இழைக் கம்பி நம் வீட்டு வாசல்வரை வந்துவிட்டது. வாசலுக்கு வந்த இணைப்பு உள்ளறைவரை போய்ச் சேருகிறதா என்பதுதான் இப்போது பல வீடுகளில் பிரச்சினை.

தொலைபேசித் துறையில் கம்பிகளோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழகி ஓய்வு பெற்றவன் என்பதால், மாட்டுங்காவிலிருந்து டோம்பிவிலிவரை நண்பர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்பது வழக்கம். எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: "எந்த ரவுட்டர் வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது: "எந்த அறையில், யாருக்கு, என்ன வேலைக்கு வேண்டும்?" இதற்குப் பதில் கிடைத்தபின் பாதி வீடுகளில் புதிதாக எதுவுமே வாங்க வேண்டியிருப்பதில்லை.

ஒரு காகிதமும் பென்சிலும்

முதலில் வீட்டின் படத்தை ஒரு காகிதத்தில் வரையுங்கள். அளவு சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. அறைகள், சுவர்கள், வாசல், இப்போது பெட்டி இருக்கும் இடம் ஆகியவை தெரிந்தால் போதும். பிறகு ஒவ்வொரு அறையிலும் இணையத்தைப் பயன்படுத்துபவர் யார், எதற்கு என்று எழுதுங்கள். மகன் அலுவலக வேலை செய்யும் மூலை, பேத்தி பாடம் கேட்கும் மேஜை, தொலைக்காட்சி, பாட்டியின் கட்டில் எல்லாம் அதில் வர வேண்டும். கடைசியில் சொன்னதை மறந்துவிடாதீர்கள். நான் பார்த்தவரையில் இணையம் எட்டாத அறை பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள் இருக்கும் அறையாகவே இருக்கிறது. அவர்களும் வாய் திறந்து கேட்பதில்லை.

இதற்கெல்லாம் எவ்வளவு வேகம் தேவை? முகம் பார்த்துப் பேச வினாடிக்கு 2 முதல் 4 மெகாபிட் போதும். தெளிவான படம் பார்க்க ஏறக்குறைய 5. ‘4 கே’ எனப்படும் மிக நுட்பமான படத்துக்கு 15 முதல் 25. ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒரே நேரத்தில் பயன்படுத்தினாலும் 100 மெகாபிட் திட்டத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆகவே, படம் நின்று நின்று வருகிறது என்றவுடன் அதிக வேகத் திட்டத்துக்கு மாறுவது அவசரம்.

கோளாறு வெளியிலா, உள்ளேயா?

ஃபோனை எடுத்துக்கொண்டு பெட்டியிலிருந்து ஐந்தாறு அடி தூரத்தில் நின்று வேகத்தைச் சோதியுங்கள். பிறகு ஒவ்வொரு அறையிலும் நின்று சோதித்துக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியின் அருகிலேயே வேகம் குறைவாக இருந்தால், மடிக்கணினியைக் கம்பி மூலம் நேரே பெட்டியில் இணைத்து இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் குறைவு என்றால் கோளாறு வெளியில் வரும் இணைப்பில் இருக்கலாம். இணைப்புத் தரும் நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும். பெட்டியின் அருகில் நன்றாக இருந்து உள்ளறையில் மட்டும் குறைகிறது என்றால், கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது. அதை எவ்வளவு பெரிய திட்டம் எடுத்தாலும் தீர்க்க முடியாது.

உள்ளே இருக்கும் கோளாறுக்கு முதல் காரணம் பெட்டி இருக்கும் இடம். பொருத்த வருகிற பையன் கம்பி நுழையும் இடத்திலேயே, அதாவது வாசற்கதவுக்குப் பக்கத்தில், செருப்பு அலமாரிக்கு மேலே மாட்டிவிட்டுப் போய்விடுவான். அங்கிருந்து கிளம்பும் அலையில் பாதி மாடிப்படிக்கும் எதிர்வீட்டுக்கும் போகிறது. பொருத்தும் நாளன்றே அருகில் நின்று, வீட்டின் நடுப்பகுதிக்கு இழையை இழுத்துவரச் சொல்லுங்கள். இழை மெல்லியது, சுவரோரமாகக் கொண்டுவரலாம். கூர்மையாக மட்டும் மடக்கக் கூடாது.

பெட்டியை ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். அழகுக்காக டிவி பெட்டிக்குப் பின்னாலோ, மர அலமாரிக்குள்ளோ மறைக்காதீர்கள். இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி, எவர்சில்வர் பாத்திர அலமாரி, மீன் தொட்டி ஆகியவை அலையைத் தடுக்கும் அல்லது விழுங்கும். மைக்ரோவேவ் அடுப்பும் வைஃபையின் ஒரு வரிசையும் ஏறக்குறைய ஒரே அலைவரிசையில் இயங்குகின்றன என்பதால், சமையலறைப் பக்கமும் வேண்டாம். இந்த இடமாற்றத்துக்குச் செலவு எதுவுமில்லை. இதைச் செய்து பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

சுவரின் குணம்

இரண்டாவது காரணம் சுவர். வைஃபை முக்கியமாக இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசை சுவரைத் தாண்டிச் சற்றுத் தூரம் போகும். ஆனால் வேகம் குறைவு, நெரிசலும் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் வரிசை வேகமானது. சுவருக்குச் சீக்கிரம் தளர்ந்துவிடும். நம் நாட்டில் முதலாவதை 2005-லும், இரண்டாவதன் பெரும்பகுதியை 2018-லும் உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று அரசு திறந்துவிட்டது.

பல பெட்டிகளில் வைஃபையின் பெயருக்குப் பின்னால் ‘5 ஜி’ என்று வரும். இது 5 கிகாஹெர்ட்ஸைக் குறிப்பது. கைப்பேசி நிறுவனங்கள் விளம்பரம் செய்யும் 5 ஜி-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தாராவியிலோ, லோயர் பரேல் சாலிலோ ஒரே அறையில் குடியிருப்பவருக்குச் சுவர்ப் பிரச்சினை கிடையாது. அங்கே தொல்லை அக்கம்பக்கத்து வைஃபைகளின் கூட்டம். 2.4 வரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். இருபது வீடுகள் அந்த மூன்றில் முண்டியடிக்கின்றன. அத்தகைய வீட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள சாதாரணப் பெட்டி ஒன்றே தாராளம்.

மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் கனமான செங்கல் சுவர்கள். ஒரு சுவரைத் தாண்டும் அலை இரண்டாவதில் களைத்துப்போகும். தாணே, நவி மும்பை பகுதிகளில் எழும் புதிய அடுக்குமாடிகளில் நிலைமை இன்னும் கடினம். அலுமினிய அச்சு வைத்துச் சுவரையும் தளத்தையும் ஒன்றாகக் கான்கிரீட்டில் வார்க்கும் முறையைக் கட்டடக்காரர்கள் ‘மைவான்’ என்பார்கள். அப்படிக் கட்டிய வீட்டில் அறைகளுக்கு நடுவே இருக்கும் சுவரிலும் கம்பி வைத்த கான்கிரீட் இருக்கும். வைஃபைக்கு அது கோட்டைச் சுவர்.

இங்கேதான் விலை உயர்ந்த பெட்டிகள் நம்மை மயக்குகின்றன. ஆறு ஆன்டெனா, எட்டு ஆன்டெனா என்று சிலந்திபோல் நிற்கும் பெட்டியைப் பார்த்தால், அது எந்தச் சுவரையும் துளைத்துவிடும் என்று தோன்றும். அலை வீசும் திறனுக்கு அரசு விதித்த உச்சவரம்பு உண்டு. எல்லாப் பெட்டிகளும் அதற்குள்தான் இயங்க வேண்டும். அதைவிட முக்கியமானது இன்னொன்று. பெட்டியின் குரல் ஃபோனுக்குக் கேட்டால் மட்டும் போதாது. ஃபோனின் குரலும் பெட்டிக்குக் கேட்க வேண்டும். கைக்குள் அடங்கும் ஃபோனின் குரல் மெலிந்தது. பெட்டி எவ்வளவு உரக்கக் கத்தினாலும், பதில் வந்து சேராவிட்டால் பேச்சு நடக்காது.

பெட்டியின்மேல் எழுதிய எண்கள்

அட்டைப் பெட்டியில் ‘ஏ.சி. 1200’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். 1200 மெகாபிட் வேகம் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. 2.4 வரிசையில் 300, 5 வரிசையில் 867, இரண்டையும் கூட்டி முழுமையாக்கிய எண் அது. ஒரு ஃபோன் ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு வரிசையில்தான் பேசும். அந்த எண்களும் பரிசோதனைக்கூடக் கணக்கு. வீட்டில் அதில் பாதி வந்தாலே நல்லது. ‘ஏ.எக்ஸ். 1500’ என்பதும் அப்படியே 300-உம் 1201-உம் சேர்ந்தது.

‘ஏ.சி.’ என்றால் ஐந்தாம் தலைமுறை வைஃபை, ‘ஏ.எக்ஸ்.’ என்றால் ஆறாம் தலைமுறை. பல கருவிகள் ஒரே நேரத்தில் இணைந்திருக்கும் வீட்டுக்கு ஆறாம் தலைமுறை நல்லது. இன்று வாங்குபவர் அதையே வாங்கலாம். ஏழாம் தலைமுறைப் பெட்டிகளும் கடைக்கு வந்துவிட்டன. வீட்டில் இருக்கும் ஃபோனும் மடிக்கணினியும் அந்தத் தலைமுறையாக இல்லாதபோது அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பெரிய லாபமில்லை. புதிதாகப் பேசப்படும் 6 கிகாஹெர்ட்ஸ் வரிசையின் கீழ்ப்பகுதியை வீடுகளில் உரிமமின்றிப் பயன்படுத்துவதற்கான வரைவு விதிகளை மத்திய அரசு 2025 மே மாதம் வெளியிட்டது. அந்த வரிசை சுவரைத் தாண்டுவதில் 5-ஐவிடவும் பலவீனமானது என்பதை நினைவில் வையுங்கள்.

கடையில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி பெட்டியின் முகப்பில் இருக்காது. பின்பக்கம் கம்பி செருகும் துளைகள் ‘கிகாபிட்’ ரகமா என்று கேளுங்கள். விலை குறைந்த பல பெட்டிகளில் இவை 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். 200 மெகாபிட் திட்டத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுபவர் அத்தகைய பெட்டியை வாங்கினால் பாதிப் பணம் வீண். கிகாபிட் துளைகள் உள்ள ஆறாம் தலைமுறைப் பெட்டி ஏறக்குறைய ரூ. 3,000 முதல் ரூ. 4,000-க்குள் கிடைக்கிறது. நடுத்தரக் குடும்பத்துக்கு அதற்குமேல் தேவையில்லை.

அமெரிக்காவிலிருந்து மகனோ மருமகனோ கொண்டுவரும் பெட்டியை ஆசையோடு மாட்டுகிறவர்கள் உண்டு. அதற்கு இங்கே உத்தரவாதச் சேவை கிடைப்பது அரிது. இந்த நாட்டு அங்கீகாரம் பெற்ற கருவியா என்பதும் கேள்வி. அவர்கள் விடுமுறைக்கு வரும்போது இன்னொரு சிக்கலும் வரலாம். நம் நாட்டில் 2.4 வரிசையில் 13 தடங்கள் உண்டு. அமெரிக்காவில் விற்கும் பல கருவிகள் 11-உடன் நின்றுவிடும. உங்கள் பெட்டி 12-லோ 13-லோ இயங்கினால் பேரனின் ஃபோனுக்கு வைஃபை இருப்பதே தெரியாது. தடத்தை 1, 6, 11-இல் ஒன்றாக மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.

உள்ளறைக்குக் கொண்டுபோகும் வழி

தாணேயில் இருபத்திரண்டாம் மாடியில் குடியிருக்கும் நண்பரின் வீட்டுக்குப் போன ஆண்டு போயிருந்தேன். ரூ. 12,000 கொடுத்து வாங்கிய பெட்டி ஹாலில் பளபளவென்று நின்றது. கடைசி அறையில் ஃபோனில் ஒரு கோடுகூட இல்லை. அது அவருடைய தாயாரின் அறை. அம்பாசமுத்திரத்தை விட்டுப் பிள்ளையோடு வந்து சேர்ந்தவர். வயது எண்பதை நெருங்குகிறது. ஊரில் இருக்கும் தம் அக்காவோடு தினமும் பேசுவார். பேசுவதற்கு ஹாலுக்கு வர வேண்டும். அங்கே ஒருபக்கம் டிவி, ஒருபக்கம் மகனுடைய அலுவலகப் பேச்சு.

நண்பர் தேநீர் கொண்டுவர உள்ளே போனபோது அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "தம்பி, ஹால்ல எல்லாரும் இருக்காவ. அக்காகிட்ட நான் என்னத்தப் பேச? சாப்பிட்டியா, மழை பெஞ்சுதான்னு கேட்டுட்டு வச்சிருதேன்." மகன்மேல் அவருக்குக் குறை எதுவுமில்லை. இரண்டு கிழவிகள் மனம்விட்டுப் பேசிக்கொள்ள ஒரு கதவு தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். கட்டும்போதே ஒவ்வொரு அறைக்கும் தொலைபேசிக்காகப் பிளாஸ்டிக் குழாய் பதித்திருந்தார்கள். அது காலியாகவே கிடந்தது. அதன் வழியாக ஒரு ‘கேட் 6’ கம்பியை இழுத்தோம். பழைய ரவுட்டர் ஒன்று பரணில் தூங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாயாரின் அறையில் வைத்து, ‘அக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றி, ஹாலில் இருக்கும் வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையுமே அதற்கும் கொடுத்தோம். கம்பிக்கும் எலக்ட்ரீஷியன் கூலிக்கும் ஆன செலவைத் தவிர வேறொன்றுமில்லை. மறுவாரம் நண்பர் ஃபோனில் சொன்னார்: அம்மா இப்போது கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுகிறாராம்.

உள்ளறைப் பிரச்சினைக்கு மிக நல்ல தீர்வு இதுவே: கான்கிரீட் சுவரை அலையால் தாண்ட முயலாமல், கம்பியால் தாண்டி அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெட்டியை வைப்பது. செய்யும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, கம்பி முழுச் செம்பாக இருக்கட்டும். அலுமினியத்தின்மேல் செம்பு பூசியதை மலிவாகத் தலையில் கட்டிவிடுவார்கள். இரண்டாவது, மின்கம்பி போகும் குழாயிலேயே இதையும் செருகக் கூடாது. மூன்றாவது, இரண்டாவது பெட்டியைக் கட்டாயம் ‘அக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஒரே வீட்டில் இரண்டு எஜமானர்கள் உட்கார்ந்து ஆளுக்கொரு முகவரி கொடுத்துக் குழப்புவார்கள். ஹாலில் இருக்கும் பிரிண்டரை உள்ளறை மடிக்கணினி காணாது.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு

மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்ட வேண்டியவர்கள் நம்மில் பலர். வீட்டுக்காரர் ஆணி அடிக்கவே அனுமதிக்காதபோது சுவரில் துளை போட முடியாது. இவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, சுவரோரமாக ஒட்டிச் செல்லும் தட்டையான கம்பி. கதவிடுக்கில் புகுந்து போகும்; காலி செய்யும்போது சுருட்டி எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, ‘மெஷ்’ எனப்படும் இரட்டைப் பெட்டி. ஒன்று ஹாலில், மற்றொன்று உள்ளே. இரண்டும் அலை மூலமாகவே பேசிக்கொள்ளும். ஒரு ஜோடி ஏறக்குறைய ரூ. 5,000-லிருந்து ரூ. 10,000 வரை ஆகும். இரண்டாவது பெட்டியை இணையம் எட்டாத அறையிலேயே வைத்துவிடாதீர்கள். அங்கே அதற்கும் எட்டாது. நடுவழியில், நல்ல அலை கிடைக்கும் கடைசி இடத்தில் வைக்க வேண்டும்.

சுவர்ப் பிளக்கில் செருகும் மலிவான ‘எக்ஸ்டென்டர்’கள் பலவற்றில் கேட்பதும் திருப்பிச் சொல்வதும் ஒரே வாயால் நடப்பதால் வேகம் பாதியாகிவிடும். பாட்டி பேசுவதற்கு அது போதும். பேத்தியின் பரீட்சைக்குப் போதாது.

இணைப்புத் தரும் நிறுவனம் கொடுத்த பெட்டி பெரும்பாலும் அவர்களுடையது. இணைப்பை விடும்போது திருப்பித் தர வேண்டியிருக்கும். நாம் காசு கொடுத்து வாங்கியது நம்மோடு புனேவுக்கும் நாக்பூருக்கும் வரும். எது யாருடையது என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மின்சாரமும் பூட்டும்

கல்யாண், டோம்பிவிலிப் பக்கம் மழைக்காலத்தில் மின்சாரம் போவது புதிதல்ல. இழையில் வரும் ஒளிக்கு நம் வீட்டு மின்சாரம் தேவையில்லை, பெட்டிக்குத்தான் தேவை. ரவுட்டருக்கென்றே சின்ன யு.பி.எஸ். கிடைக்கிறது. வாங்குமுன் உங்கள் பெட்டியின் அடாப்டரில் 9 வோல்ட் என்றிருக்கிறதா, 12 வோல்ட் என்றிருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை ஆம்பியர் என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள். இழையின் முடிவில் ஒரு பெட்டியும், தனியாக ரவுட்டரும் இருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

கடைசியாகப் பூட்டு. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொற்களை முதல் நாளே மாற்றுங்கள். வைஃபையில் சேர்வதற்கு ஒன்றும், பெட்டியின் அமைப்புகளை மாற்றுவதற்கு வேறொன்றும் வையுங்கள். பாதுகாப்பு முறை ‘டபிள்யூ.பி.ஏ. 3’ ஆக இருந்தால் நல்லது. பழைய ஃபோன்கள் அதில் சேர மறுத்தால் ‘டபிள்யூ.பி.ஏ. 2’ வைக்கலாம். பொத்தானை அமுக்கினால் சேர்ந்துகொள்ளும் ‘டபிள்யூ.பி.எஸ்.’ வசதியை அணைத்துவிடுங்கள். பெட்டியின் உள்மென்பொருள் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி வையுங்கள். வருவோர் போவோருக்கு ‘கெஸ்ட்’ என்று தனி வைஃபை வைக்கும் வசதி பல பெட்டிகளில் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். உங்கள் இணைப்பு வழியாக யார் எது செய்தாலும் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும். கடவுச்சொல்லை ஒரு காகிதத்தில் எழுதி வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். பிள்ளைகள் வெளியூர் போயிருக்கும்போது அவர்கள் தவிக்காமல் இருப்பார்கள்.

கைக்காசு போட்டு வாங்கப் போகிறவர்கள் இந்த வரிசையை மனத்தில் வைத்தால் போதும். முதலில் சோதனை, அடுத்து பெட்டியின் இடமாற்றம், அதிலும் தீராவிட்டால் கம்பியோடு இரண்டாவது சின்னப் பெட்டி, கம்பிக்கு வழியில்லாவிட்டால் மெஷ். புதிய பெரிய பெட்டி இந்த வரிசையின் கடைசியில்தான் வருகிறது. லாமிங்டன் ரோட்டுக் கடைக்காரர் இதைத் தலைகீழாகச் சொல்வார். அவர் வியாபாரம் அப்படி.

சந்தேகம் உள்ளவர்கள் ஞாயிறு மாலைகளில் நம் சங்க நூலகத்தில் என்னைச் சந்திக்கலாம். வரும்போது வீட்டின் படம் வரைந்த காகிதத்தையும் கொண்டுவாருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் எந்த அறையில் இருக்கிறார் என்பதை அதில் குறித்திருக்க வேண்டும்.